கல்லடியிலிருந்து கற்கரைக்கு

“உனக்கென்ன, கொடுத்து வைத்தவள்! இங்கிலாந்து, அதுவும் கடற்கரை நகரம். பின்னேரத்தில் கடற்காற்று வாங்கிக்கொண்டு நடப்பாய்.”

மட்டக்களப்பில் என்னுடன் ஒன்றாக வேலை செய்த தோழியர் தொலைபேசியில் அடிக்கடி சொல்லும் வார்த்தைகள் இவை. நானும் சிரித்துவிட்டு “ஓம், ஓம்” என்பேன். இந்த நகரத்துக்கு வந்து இரண்டரை வருடங்களுக்கு மேலாக நான் அந்தக் கடலில் காலைக்கூட நனைக்கவில்லை என்பதை அவர்களிடம் ஒருநாளும் சொன்னதில்லை. அதற்கான காரணத்தையும், அது எப்படி மாறியது என்பதையும் இப்போது எழுதலாம் என்று நினைக்கிறேன். கூடவே, வெளிநாட்டு வாழ்க்கை என்றால் என்ன என்று கேட்கும் சகோதரிகளுக்கு ஒரு சாதாரணக் குடும்பப் பெண்ணின் அன்றாட அனுபவங்களையும் சொல்லலாம்.

எனது கணவர் 2022 ஆம் ஆண்டு புரட்டாதி மாதத்தில் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்ட ஆய்வுக்காகச் சேர்ந்தார். அவருடன் நானும், அப்போது நான்கு வயதான எமது மகளும் வந்தோம். நான் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தவள். பத்து வருடங்களுக்கு மேலாகக் கிராமங்களில் பெண்கள் சங்கங்களோடு வேலை செய்தவள். அந்த வேலையையும், அம்மாவையும், கல்லடியில் உள்ள வீட்டையும் விட்டுவிட்டுத்தான் விமானம் ஏறினேன்.

மணல் இல்லாத கடற்கரை

நாங்கள் வசிக்கும் நகரத்தின் முழுப் பெயர் பிரைட்டன் அன்ட் ஹோவ். லண்டனிலிருந்து தெற்கே புகையிரதத்தில் ஒரு மணித்தியாலப் பயணம். அருகருகே இருந்த இரண்டு ஊர்கள் 1997 இல் ஒரே நிர்வாகத்தின் கீழ் வந்து, 2000 ஆம் ஆண்டில் நகர அந்தஸ்தைப் பெற்றன. 2021 குடிசன மதிப்பீட்டின்படி சனத்தொகை சுமார் இரண்டு இலட்சத்து 77 ஆயிரம்.

ஒரு காலத்தில் இது வெறும் மீன்பிடிக் கிராமம். 1750 ஆம் ஆண்டளவில் றிச்சர்ட் றசல் என்ற வைத்தியர், கடல் நீரில் குளிப்பதும் அதைக் குடிப்பதும் நோய்களைத் தீர்க்கும் என்று நூல் எழுதினார். பணக்காரர்கள் இங்கே வரத் தொடங்கினார்கள். பின்னர் இளவரசர் ஜோர்ஜ் வந்து தனக்கொரு மாளிகை கட்டினார். 1841 இல் லண்டனிலிருந்து புகையிரதப் பாதை வந்ததும் சாதாரண சனங்களும் வரத் தொடங்கினார்கள். மீன்வலை காய்ந்த ஊர் உல்லாசப் பயணிகளின் ஊரானது இப்படித்தான்.

நாங்கள் வந்த மறுநாளே கணவர் எங்களைக் கடற்கரைக்குக் கூட்டிச் சென்றார். நான் வீதியோரத்து நீலநிறக் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கீழே பார்த்தால் மணலே இல்லை! கண்ணுக்கு எட்டிய தூரம் மட்டும் கூழாங்கற்கள். மண்ணிறமும் சாம்பல் நிறமுமாய், கோழி முட்டையளவிலும் முஷ்டியளவிலும் கற்கள். அலை திரும்பும்போது அவ்வளவு கற்களும் ஒன்றோடொன்று உரசி எழுப்பும் சத்தம், பெரிய சுளகில் யாரோ நெல்லுக்குப் பதிலாகக் கல்லைப் போட்டுப் புடைப்பது போல இருந்தது.

“அம்மா, இறங்குவோம்” என்று மகள் கையைப் பிடித்து இழுத்தாள். “குளிர் பிள்ளை, காய்ச்சல் வரும்” என்று சொல்லித் தடுத்துவிட்டேன். அன்று வெயில் எறித்துக்கொண்டிருந்தது. கணவர் என் முகத்தைப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. அவருக்குத் தெரியும்.

கடற்காகமும் சாரதிக்கு நன்றியும்

புதிய நாட்டில் ஒவ்வொரு சிறு காரியமும் ஒரு பரீட்சைதான். எனது முதல் எதிரி கடற்காகம். எங்கள் ஊர்க் காகத்தைவிட இரண்டு மடங்கு பெரிய வெள்ளைப் பறவை. வீட்டுக் கூரைகளில் கூடு கட்டி, விடியற்காலையிலேயே கத்தித் தீர்க்கும். ஒருநாள் முதல்முறையாகப் பொரித்த மீனும் உருளைக்கிழங்கும் வாங்கி, வீதியோர வாங்கில் அமர்ந்து ஒரு துண்டை வாயருகே கொண்டுபோனேன். பின்னாலிருந்து ஒரு காற்று அடித்தது போலிருந்தது. விரல்களுக்கிடையில் இருந்த மீன் துண்டைக் காணவில்லை! பக்கத்து வாங்கில் இருந்த முதியவர், “இப்போது நீங்கள் இந்த ஊர்க்காரி ஆகிவிட்டீர்கள்” என்றார். ஒன்பது பவுண் சாப்பாடு. ரூபாவில் பெருக்கிப் பார்த்து அன்றிரவு எனக்கு நித்திரையே வரவில்லை. வந்த புதிதில் நாம் எல்லோரும் செய்யும் பிழை இது. எதையும் ரூபாவாக மாற்றிப் பார்த்தால் இங்கே ஒரு பாண்கூட வாங்க முடியாது.

அடுத்தது மொழி. ஆங்கிலம் தெரியும் என்ற தைரியத்தில்தான் வந்தேன். கடைக்குப் போனால், “நீங்கள் சரியாக இருக்கிறீர்களா?” என்று கேட்கிறார்கள். எனது முகத்தில் ஏதோ வருத்தம் தெரிகிறதாக்கும் என்று நினைத்து, தலையிடி என்றும் பயணக் களைப்பு என்றும் விளக்கம் கொடுத்தேன். அந்தப் பெண் திகைத்துப் போனாள். அது சுகம் விசாரிப்பதல்ல, ‘வணக்கம்’ போல ஒரு வார்த்தை என்று பிறகுதான் விளங்கியது.

எனக்கு மிகவும் பிடித்த வழக்கம் பஸ்ஸில் நடப்பது. இறங்கும் ஒவ்வொருவரும் சாரதிக்கு நன்றி சொல்லிவிட்டே இறங்குவார்கள். பாடசாலைப் பிள்ளைகளும் சொல்வார்கள். இந்த நகரத்துப் பல பஸ்களின் முன்பக்கத்தில் ஒவ்வொரு மனிதரின் பெயர் எழுதியிருக்கும். இந்த ஊருக்கு ஏதோவொரு விதத்தில் தொடர்புள்ள, மறைந்துபோன மனிதர்கள் அவர்கள். பஸ்ஸுக்காகக் காத்து நிற்கும்போது அந்தப் பெயர்களை வாசித்து, வீட்டுக்கு வந்து அவர்கள் யாரென்று தேடிப் படிப்பது எனக்கொரு பொழுதுபோக்காகிவிட்டது.

முதல் மார்கழி மாதம்தான் மிகவும் கஷ்டமாக இருந்தது. பின்னேரம் நான்கு மணிக்கே இருட்டிவிடும். மகளைப் பாடசாலையிலிருந்து கூட்டிவந்து கதவைப் பூட்டினால், பிறகு நான்கு சுவர்கள்தான். அந்த நாட்களில் எனக்கு ஆறுதல் தந்தது ஒரு பறவைக் கூட்டம். எங்கள் மைனாவின் இனத்தைச் சேர்ந்த ஸ்டார்லிங் பறவைகள், குளிர்காலத்தில் பொழுது சாயும் நேரம் ஆயிரக்கணக்கில் கூடி, கடலுக்கு மேலே ஒரே உடலாகச் சுழன்று திரும்பி, பிறகு கடற்பாலத்தின் அடியில் உறங்கப் போகும். 1866 இல் திறக்கப்பட்டு 1975 இல் மூடப்பட்ட மேற்குக் கடற்பாலம், 2003 இல் தீப்பற்றியதில் இன்று வெறும் இரும்புக் கூடாகக் கடலுக்குள் நிற்கிறது. 1899 இல் திறந்த மற்றப் பாலத்தில் இன்றும் விளக்குகளும் இராட்டினங்களும் உண்டு. கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நின்றுதான் இவற்றையெல்லாம் பார்த்தேன்.

பட்டமும் வேலையும்

ஆறு மாதத்தில் கையில் கொண்டுவந்த காசு கரைந்தது. வேலை தேடினேன். எனது விண்ணப்பத்தில் ‘சமூகப் பணியாளர்’ என்று எழுதியிருந்ததைப் பார்த்த ஒரு பெண் அதிகாரி, அதை எடுத்துவிடும்படி அன்பாகவே சொன்னார். இங்கிலாந்தில் அந்தப் பெயரைச் சட்டம் பாதுகாக்கிறது. 2019 முதல் ‘சோஷல் வேர்க் இங்கிலன்ட்’ என்ற அமைப்பில் பதிவு செய்தவர்கள் மட்டுமே தம்மை அப்படி அழைக்கலாம். சமூகவியல் பட்டம் வேறு, சமூகப்பணிப் பட்டம் வேறு. பத்து வருட அனுபவம் கையில் இருந்தும், அன்று நான் யாரென்று சொல்ல எனக்கொரு சொல் இல்லாமல் போனது.

கடைசியில் வீடு வீடாகச் சென்று முதியோரைப் பராமரிக்கும் வேலை கிடைத்தது. காலையில் எழுப்பிக் கழுவி, உடுப்பு மாற்றி, மாத்திரை கொடுத்து, தேநீரும் பாணும் செய்து வைக்க வேண்டும். ஒரு வீட்டுக்கு அரை மணித்தியாலம். செய்த ஒவ்வொன்றையும் கைத்தொலைபேசியில் பதிய வேண்டும். ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு மழையில் நடக்கும் நேரத்துக்குச் சம்பளம் இல்லை என்பதை முதல் மாதச் சம்பளத்தைப் பார்த்த பிறகே அறிந்தேன். கேட்டுக் கேட்டு, மூன்றாவது மாதத்தில்தான் அதைச் சரிசெய்தார்கள். சங்கம் அமைப்பது எப்படி, உரிமையைக் கேட்பது எப்படி என்று மற்றப் பெண்களுக்கு வகுப்பெடுத்த எனக்கே வாயைத் திறக்க அவ்வளவு நாள் எடுத்தது.

எனக்குக் கிடைத்த முதல் வீடுகளில் ஒன்று, கடலைப் பார்த்த ஒரு மாடிக் குடியிருப்பு. அங்கே தனியாக வசித்தவருக்கு அப்போது வயது 84. முதல் நாளே “என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடு” என்றார். எனது அம்மம்மாவின் வயது! நாக்கு எழவில்லை. ‘மேடம்’ என்றால் அவருக்குக் கோபம் வந்தது. இரண்டு வாரம் எதுவுமே சொல்லாமல், முன்னால் போய் நின்று சிரித்துச் சமாளித்தேன். பிறகு ஒருநாள் ‘அம்மம்மா’ என்ற சொல்லின் கருத்தைச் சொன்னேன். அவர் இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார். “இதுவே இருக்கட்டும்” என்றார்.

வெள்ளைக்காரர் தாய் தகப்பனைக் கைவிட்டு விடுவார்கள் என்று எங்கள் ஊரில் சொல்வோம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அந்த அம்மம்மாவின் மகள் வேறொரு நகரத்தில் இருந்து ஒவ்வொரு இரவும் கதைப்பார். தன்னோடு வந்து இருக்கும்படி பலமுறை கேட்டிருக்கிறார். இவர்தான் மறுத்தார். “எனது சமையலறையில், எனது கேத்தலில், எனக்கு வேண்டிய நேரத்தில் தேநீர் குடிக்கவேண்டும்” என்பார். மறுபக்கம், கல்லடியில் எனது அம்மா. ஒரே பிள்ளையான நான் இங்கே. யாரோ ஒரு தாயின் கால்களுக்கு நான் எண்ணெய் பூசும் நேரத்தில், எனது தாய் தனியாகத் தண்ணீர் அள்ளிக்கொண்டிருப்பார். எங்கள் கிராமங்களிலும் இன்று எத்தனை வீடுகளில் முதியவர்கள் வெளிநாட்டுத் தொலைபேசி அழைப்புக்காகக் காத்திருக்கிறார்கள்! யார் யாரைக் கைவிட்டார்கள் என்று அவ்வளவு இலேசாகச் சொல்லிவிட முடியாது என்பதே அந்த வீட்டில் நான் படித்த பாடம்.

எமக்கு முன்னே வந்தவர்கள்

ஞாயிற்றுக்கிழமைகளில் நகரைச் சுற்றிப் பார்ப்போம். நகரின் நடுவே குவிமாடங்களும் தூபிகளுமாக நிற்கிறது, இளவரசர் ஜோர்ஜ் கட்டிய றோயல் பவிலியன். ஜோன் நாஷ் என்ற கட்டடக் கலைஞர் 1815 முதல் சில ஆண்டுகள் முயன்று இன்றைய வடிவத்தைக் கொடுத்தார். வெளியே இந்தியப் பாணி, உள்ளே சீனப் பாணி. விக்டோரியா மகாராணிக்கு அது பிடிக்கவில்லை. 1850 இல் ஊராருக்கே விற்றுவிட்டார்கள்.

முதலாம் உலகப்போரில் பிரான்ஸில் காயமடைந்த இந்தியப் படைவீரர்களுக்கு 1914 இன் கடைசியிலிருந்து இந்த மாளிகையே வைத்தியசாலையாக இருந்தது. அவரவர் மதத்துக்கும் சாதிக்கும் ஏற்ப ஒன்பது சமையலறைகள் வைத்திருந்தார்களாம். இறந்த இந்துக்களையும் சீக்கியர்களையும் நகருக்கு வெளியே புல்வெளிக் குன்றில் தகனம் செய்தார்கள். முஸ்லிம் வீரர்களை வோக்கிங் என்ற ஊரில் அடக்கம் செய்தார்கள். 53 பேர் தகனம் செய்யப்பட்ட அந்தக் குன்றில் 1921 இல் வெள்ளைச் சலவைக்கல்லில் ‘சத்ரி’ என்ற நினைவு மண்டபம் எழுந்தது. அங்கே போக வாகன வீதி இல்லை. ஆடுகள் மேயும் புல்வெளியில் நடந்துதான் போகவேண்டும். பெயர் தெரியாத கடலுக்கு அப்பால், பெயர் தெரியாத குன்றில் எரிந்துபோன அந்தப் பையன்களின் தாய்மாரை நினைத்துக்கொண்டு நின்றேன்.

இன்னொருவர் டீன் மஹோமெட். 1759 இல் பட்னாவில் பிறந்தவர். ஆங்கிலத்தில் நூல் எழுதி வெளியிட்ட முதல் இந்தியர். அது 1794 இல். 1810 இல் லண்டனில் இந்திய உணவகம் திறந்து நட்டப்பட்டுப் போனார். பிறகு மனைவியோடு பிரைட்டனுக்கு வந்து, நீராவிக் குளியலும் உடல் பிடித்துவிடுதலும் செய்யும் நிலையம் ஒன்றை நடத்தினார். இரண்டு அரசர்கள் அவரைத் தமது பிடித்துவிடும் வைத்தியராக நியமித்தார்கள். நாம் இன்று தலைக்கு வைக்கும் ‘ஷாம்பூ’ என்ற சொல் ஆங்கிலத்தில் முதலில் இந்தப் பிடித்துவிடுதலைத்தான் குறித்தது. படித்தவர், எழுதியவர், ஆனால் பிழைத்தது மற்றவர் உடம்பைப் பிடித்துவிட்டு. அவரது கல்லறைக்கு முன்னால் நின்றபோது, எனது வேலையைப் பற்றி மனதில் இருந்த கூச்சம் கொஞ்சம் குறைந்தது.

அதே தேவாலய வளவில் இன்னொரு கல்லறையும் உண்டு. மார்த்தா கன் என்ற பெண்ணுடையது. அவரைப் பற்றி எனக்குச் சொன்னவர் அந்த அம்மம்மாதான்.

அனுமதிப் படிவம்

2025 ஆம் ஆண்டு வைகாசி மாதம். மகள் பாடசாலையிலிருந்து ஒரு தாளைக் கொண்டுவந்தாள். வகுப்புப் பிள்ளைகளைக் கடற்கரைக்குக் கூட்டிச்செல்லப் போகிறார்களாம். முழங்காலளவு தண்ணீரில் விளையாட விடுவார்களாம். பெற்றோர் கையொப்பம் வேண்டுமாம். நான் அந்தத் தாளை மடித்துச் சமையலறைத் தட்டில், மா டின்னுக்குப் பின்னால் வைத்தேன்.

2004 மார்கழி 26. அன்று போயா தினம், ஞாயிற்றுக்கிழமை. எனக்கு வயது 16. சாதாரண தரப் பரீட்சை எழுதி முடித்த சந்தோஷத்தில், முதல்நாளே வாவிக்கு அப்பால் புளியந்தீவில் உள்ள பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். அதனால் தப்பினேன். அம்மாவும் அப்பாவும் ஒரு மாடி வீட்டில் ஏறித் தப்பினார்கள். நாவலடியில் இருந்த சித்தியும், அவரது ஏழு வயது மகளும், மூன்று வயது மகனும் தப்பவில்லை. சித்தி இரண்டு பிள்ளைகளையும் இரண்டு கைகளில் பிடித்துக்கொண்டு ஓடியதைக் கண்டவர்கள் சொன்னார்கள். எங்கள் நாட்டில் அன்று 30 ஆயிரத்துக்கும் அதிகமானோர் இறந்தார்கள். கரையோரக் கிராமங்கள் பலவற்றில் இறந்தவர்களுள் ஆண்களைவிடப் பெண்களும் பிள்ளைகளும் அதிகம். பிறகு இதை நான் வேலையின் போது பலமுறை கூட்டங்களில் சொல்லியிருக்கிறேன். ஆண்களுக்கு நீந்தத் தெரியும், மரமேறத் தெரியும். பெண்களுக்குத் தெரியாது; சேலையும் பாவாடையும் காலைக் கட்டின; கையில் பிள்ளைகள் இருந்தார்கள். காரணங்களை வரிசையாகச் சொல்வேன். அந்த வரிசையில் சித்தி இருக்கிறார் என்று மட்டும் சொன்னதில்லை. அந்த நாளுக்குப் பிறகு நான் கடலில் கால் வைக்கவும் இல்லை.

மகளுக்கு அப்போது ஏழு வயது.

அடுத்த நாள் காலையில் அம்மம்மாவுக்குக் காலுறை போட்டுவிடும்போது கை நடுங்கியது. “என்ன விஷயம்?” என்று கேட்டார். சொல்லிவிட்டேன். அரை மணித்தியாலம் முடிந்து பத்து நிமிடமாகியும் அவர் என்னைப் போக விடவில்லை. ‘பயப்படாதே’ என்றும் சொல்லவில்லை. “நான் 70 வருடம் இந்தக் கடலில் நீந்தியவள். எனக்கு இன்றும் கடலில் பயம் உண்டு” என்றார். பிறகுதான் மார்த்தா கன்னின் கதை வந்தது.

1726 இல் பிறந்து 1815 இல் இறந்த உழைப்பாளிப் பெண் அவர். அந்தக் காலத்தில் கடலில் குளிக்க வரும் சீமாட்டிகளைச் சில்லுப் பூட்டிய மரப்பெட்டியில் ஏற்றித் தண்ணீருக்குள் கொண்டுபோவார்கள். பெட்டியின் படியருகே, கடலுக்குள் உடுத்த உடையோடு ஒரு பெண் நிற்பாள். பயந்து நடுங்கும் சீமாட்டியைப் பிடித்து, அலையில் முக்கி, திரும்ப எடுத்துவிடுவது அவள் வேலை. வருடக்கணக்காக இந்தத் தொழிலைச் செய்து நாடறிந்தவரானார் மார்த்தா. “அவ்வளவு சீமாட்டிகளும் தனியாக இறங்கியிருக்க மாட்டார்கள். பிடித்துக்கொள்ள ஒருத்தி நின்றபடியால் இறங்கினார்கள்” என்றார் அம்மம்மா. பிறகு ஜன்னலைக் காட்டி எனக்குப் பாடம் எடுத்தார். சிவப்பும் மஞ்சளுமான இரண்டு கொடிகளுக்கு நடுவில் மட்டும் இறங்கு. அங்கேதான் உயிர்காப்பாளர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இந்தக் கற்கரை திடீரென்று ஆழமாகும், கவனம். தண்ணீரில் விழுந்து தடுமாறினால் கையைக் காலை அடிக்காதே, மல்லாந்து படுத்து மித. மூச்சு சீரான பிறகு மற்றதைப் பார். கடைசியாக ஒன்று சொன்னார். “இறங்குவதற்கு முதல், எந்த வழியால் வெளியே வரலாம் என்று பார்த்து வை.”

அன்று பின்னேரம் மா டின்னுக்குப் பின்னாலிருந்த தாளை எடுத்தேன். ஆனால் உடனே கையொப்பம் வைக்கவில்லை. பிள்ளையை அனுப்ப முதல் நான் இறங்கவேண்டும் என்று தோன்றியது.

சனிக்கிழமை மூவரும் போனோம். கடல் அமைதியாக இருந்தது. இரண்டு கொடிகளையும் பார்த்தேன். வெளியே வரும் வழியையும் பார்த்தேன். கற்கள் உள்ளங்காலைக் குத்த, மகளின் கையை ஒரு பக்கமும் கணவரின் கையை மறு பக்கமும் பிடித்துக்கொண்டு நடந்தேன். முதல் அலை பாதத்தில் பட்டபோது குளிரில் உயிரே போய்வந்தது. எங்கள் கடல் உடம்புச் சூட்டோடு இருக்கும். இது பனிக்கட்டியிலிருந்து வடிந்த தண்ணீர் போல இருந்தது. அலை திரும்பும்போது காலுக்கடியில் கற்கள் உருண்டன. கத்தினேன். மகள் சிரித்தாள். “அம்மா, நான் பிடிச்சிருக்கிறன், விழமாட்டீங்க” என்றாள். நான் அழுதேன் என்பதை மறைக்கத் தேவையில்லை. முழங்கால் வரை, ஐந்து நிமிடம், அவ்வளவுதான். சித்தியின் பெயரைச் சொல்லி ஒரு கை தண்ணீரை அள்ளி விட்டேன். மகள் ஏனென்று கேட்டாள். அவளுக்கு விளங்கும் அளவில், முதல் முறையாக, அந்தக் கதையைச் சொன்னேன்.

திங்கட்கிழமை போனபோது அம்மம்மா தொலைநோக்கியை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். சனிக்கிழமை முழுவதையும் ஜன்னலால் பார்த்தாராம். “முழங்கால் மட்டும்தானா?” என்றார்.

ஊருக்குத் திரும்பும்போது

அதற்குப் பிறகு நான் நகரசபை நீச்சல் தடாகத்தில் வாரம் ஒருமுறை பெண்களுக்கான வகுப்புக்குப் போகத் தொடங்கினேன். அங்கே ஐம்பது வயதில் நீச்சல் பழகும் பெண்களும், நீள அங்கியோடு வரும் முஸ்லிம் சகோதரிகளும், முதுகு வலிக்காக வரும் பாட்டிமாரும் உண்டு. யாரும் யாரையும் பார்த்துச் சிரிப்பதில்லை. இப்போது எனக்கு மல்லாந்து மிதக்கத் தெரியும். பத்து யார் தூரம் நீந்தவும் தெரியும். மகள் என்னைவிட நன்றாக நீந்துகிறாள்.

கணவரின் ஆய்வு முடிந்ததும் நாங்கள் ஊருக்குத் திரும்புவோம். வேலைக்குத் திரும்பியதும் நான் முதலில் செய்ய நினைப்பது ஒன்றுதான். எங்கள் கரையோரக் கிராமங்களில் தையல் வகுப்பு இருக்கிறது, கணினி வகுப்பு இருக்கிறது; பெண்பிள்ளைகளுக்கு நீச்சல் வகுப்பு எங்கே இருக்கிறது? ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியுமாக வாழும் பிள்ளைகளுக்கு, தண்ணீரில் ஐந்து நிமிடம் மிதக்கத் தெரிவது ஆடம்பரமல்ல. முடியாத காரியமும் அல்ல. அருகம்பேயில் 2018 இல் எங்கள் நாட்டுப் பெண்களே அலைச்சறுக்குக் கழகம் ஒன்றை ஆரம்பித்தார்கள். ஊர் என்ன சொல்லும் என்ற கேள்வியை அவர்களும் தாண்டித்தான் வந்திருப்பார்கள். எங்களுக்கு அலையில் சறுக்கவேண்டாம், மிதந்தால் போதும். உடுப்பு என்ன, இடம் எது, யார் பழக்குவது என்பதையெல்லாம் மாதர் சங்கக் கூட்டத்தில் வைத்துப் பேசித் தீர்க்கலாம். இதை வாசிக்கும் சகோதரிகள் உங்கள் சங்கத்திலும் ஒருமுறை பேசிப் பாருங்கள்.

கடலில் இறங்கிய அன்றிரவு கல்லடிக்குத் தொலைபேசி எடுத்தேன். அப்பா போன பிறகு, அம்மா அந்தக் கடலை வீட்டு வாசலில் வைத்துக்கொண்டு, இருபது வருடங்களாக அதன் பக்கம் திரும்பாமல் வாழ்கிறவர். சொல்வதா வேண்டாமா என்று யோசித்து, சொல்லிவிட்டேன். மறுமுனையில் கனநேரம் சத்தமில்லை. தொடர்பு அறுந்துவிட்டதோ என்று நினைத்தேன். பிறகு கேட்டார்:

“தண்ணி நல்லாக் குளிராமா, மனே?”

“ஓம் அம்மா, சரியான குளிர்.”

“நம்மட கடல் அப்படிக் குளிராது” என்றார் அம்மா.